சிவப்பு ஒயில் கறுக்கும் முன்னே: திருகோணமலையில் கெப் கட்டிப் படகு இழுப்போருக்கு ஒரு திறந்த மடல்

குச்சவெளி, நிலாவெளி, உப்புவெளி அண்ணன்மாருக்கும், கிண்ணியா, மூதூர் நானாமாருக்கும், சீனக்குடா, கொட்பேப் பக்கம் ட்ரெயிலரும் கையுமாகத் திரிகிற தம்பிமாருக்கும்,



கெப் வாங்கப் போகிற எவருக்கும் இப்போது ஒரு புத்திமதி தவறாமல் கிடைக்கிறது: "ஓட்டோ கியர் எடுக்காதே, படகு இழுத்தால் இரண்டு சீசனில் பொக்ஸ் போய்விடும்." தேநீர்க் கடையிலும் சொல்கிறார்கள், லீசிங் கம்பனி வாசலிலும் சொல்கிறார்கள். கழற்றிய கியர்பொக்ஸின் தட்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்கிற தொழில் என்னுடையது. அந்தப் புத்திமதியில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியால்தான் நல்ல வண்டிகள் அநியாயமாகச் சாகின்றன. ஓட்டோ கியர் எப்படியும் கெடும் என்று முடிவு கட்டியவர் அதன் ஒயிலைப் பார்க்கமாட்டார். பாராமல் விட்ட ஒயில் கெடும். கெட்டதும், "நான் அப்போதே சொன்னேனே" என்பார்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 இல் புதிய ஹைலக்ஸ் அவுஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தபோது, நாலு சக்கரமும் இழுக்கிற 2.8 லீற்றர் டீசல் வண்டிக்கு டொயோட்டா இரண்டு இழுவை எடைகளைக் குறித்துக் கொடுத்தது. மனுவல் என்றால் 3,500 கிலோ. ஓட்டோ என்றால் 3,200 கிலோ. அதே எஞ்சின், அதே சேசி. 2020 இல் வண்டியைத் திருத்தி வெளியிட்டபோதுதான் ஓட்டோவுக்கும் 3,500 கொடுத்தார்கள். ஆகவே செய்தவனுக்கே ஓட்டோவில் ஒரு தயக்கம் இருந்தது. ஆனால் அந்தத் தயக்கத்தின் அளவு 300 கிலோ. நம்முடைய பதினெட்டு, இருபத்து மூன்று அடி பைபர் படகுகள் அந்த இரண்டு எல்லைகளுக்கும் கிட்டவே போகமாட்டா. பிறகேன் நம்மூரில் பொக்ஸ் சாகிறது?

இழுவையால் சாகவில்லை, சூட்டால் சாகிறது.

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஓட்டோவில் இணைப்பது டோர்க் கொன்வேட்டர் என்கிற, ஒயில் நிரம்பிய ஒரு பெரிய உருண்டை. உள்ளே எஞ்சின் பக்கத்து விசிறி ஒயிலை வீசும், கியர் பக்கத்து விசிறி அந்த ஒயிலின் வேகத்தை வாங்கிச் சுழலும். துறைமுக ஊர்க்காரர் பெருமைப்படலாம், இது முதலில் காருக்காகக் கண்டுபிடித்ததே அல்ல. அன்றைய ஜேர்மனியின் ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் தளத்தில் வேலை பார்த்த ஹேர்மன் ஃபெட்டிங்கர், வேகமாகச் சுற்றும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்க வழி தேடி, 1905 இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். காருக்குள் வந்தது பிறகு.

இந்த உருண்டையின் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றுதான், அது வழுக்கும். நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது அந்த வழுக்கலே எஞ்சினின் முறுக்கு விசையை இரண்டு மடங்கு வரை பெருக்கிக் கொடுக்கிறது. பாதையில் வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கிற ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும், வழுக்கல் நின்றுவிடும். சக்கரம் நகராமல் நிற்க நீங்கள் எக்ஸலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால், எஞ்சின் கொடுக்கிற முழுச் சக்தியும் ஒயிலைக் காய்ச்சுவதற்கு மட்டுமே போகும்.

அதை மெக்கானிக் பாஷையில் ஸ்டோல் என்போம். கராஜில் அந்தச் சோதனை செய்வதானால் 5 விநாடிக்கு மேல் செய்யாதே என்று டொயோட்டாவின் வேலைப் புத்தகம் எச்சரிக்கிறது. நிலாவெளி மணலில் ட்ரெயிலர் புதைந்தபோது நீங்கள் எத்தனை விநாடி மிதித்தீர்கள்? கணக்கொன்று போட்டுக் காட்டுகிறேன். 130 கிலோவாட் தரக்கூடிய எஞ்சினில் 50 கிலோவாட்டுக்கு மட்டுமே மிதிக்கிறீர்கள் என்று வைப்போம். பொக்ஸிலும் கொன்வேட்டரிலும் சேர்த்து ஒன்பது லீற்றர் ஒயில். விநாடிக்கு மூன்று பாகைக்கு மேல் சூடு ஏறும். இருபது விநாடியில் அறுபது பாகை. 90 இல் இருந்த ஒயில் 150 ஐத் தொட்டுவிடும். தோராயக் கணக்குத்தான், ஆனால் உண்மை நிலவரம் இதைவிட மோசம். ஒன்பது லீற்றரும் ஒரேயடியாகச் சூடாவதில்லை, கொன்வேட்டருக்குள் அகப்பட்ட சில லீற்றர்தான் முதலில் வேகும். ஒயில் தொழிலில் சொல்கிற பொதுவான அளவுகோல் ஒன்றும் இருக்கிறது: வழமையான சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகக் குறையும்.

மனுவல் வண்டி மட்டும் இதிலிருந்து தப்புகிறதா? இல்லை. கொட்பேயில் படகேற்றும் சரிவில் அரைக் கிளட்சில் தொங்கவிட்டு எரித்த தட்டுகளை நானும் மாற்றியிருக்கிறேன். ஒரே வித்தியாசம், மனுவலில் கிளட்ச் எரிந்தால் மூக்குக்குத் தெரியும், சாரதி பயந்து காலை எடுப்பார். ஓட்டோவில் எல்லாம் ஒயிலுக்குள்ளே மூடிய பெட்டியில் நடக்கும். மணம் வராது, சத்தம் வராது, வண்டியும் அன்றைக்கு நன்றாகவே ஓடும். விலை ஆறு மாதம் கழித்து வரும். உண்மையில் சரிவில் ஈரப் பாசியில் அங்குலம் அங்குலமாகப் படகை ஏற்றுவதற்கு ஓட்டோ கியரைப் போல இதமான வண்டி வேறில்லை. அதற்காகத்தான் நான் அதன் பக்கம் வாதாடுகிறேன்.

பெரிய நாடுகளின் இழுவைச் சோதனையை நம்பி ஏமாறவும் வேண்டாம். அமெரிக்காவில் எஸ்.ஏ.ஈ. என்ற மோட்டார் பொறியியலாளர் சங்கம் 2008 இல் ஜே2807 என்று ஒரு இழுவைத் தரத்தை வெளியிட்டது. ஒவ்வொரு கம்பனியும் தன் பாட்டுக்கு இழுவை எடையை அள்ளிவிட்ட காலம் அது. 2011 மாதிரி வண்டிகளோடு டொயோட்டா முதலில் அதை ஏற்றது, மற்றப் பெரிய கம்பனிகள் பின்னால் வந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கத்து மலைப்பாதையில் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் ஏற்றம், வெளியே குறைந்தது 38 பாகை வெயில், ஏசி முழு வீச்சில், பின்னால் முழுப்பாரம். வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழக்கூடாது. கடுமையான சோதனைதான். ஆனால் அங்கே வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, ரேடியேற்றர் முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. நமக்கு அப்படி மலை இல்லை. நமக்கு இருப்பது கச்சான் காற்று, கடற்கரை மணல், ஆள் நடக்கிற வேகம். வெயில் அரிசோனாவுக்குக் கிட்டத்தட்டச் சமம், காற்றோட்டம் மட்டும் இல்லை. அங்கே சித்தியடைந்த வண்டி என்று விற்பனைக்காரர் சொன்னால், குச்சவெளிக் கரைக்கு அது சாட்சியாகாது.

செய்யக்கூடியது சுலபம். மணலிலும் சரிவிலும் ஃபோர் லோ போடுங்கள். வண்டியில் அந்தக் குமிழ் சும்மா அழகுக்கு வைத்ததல்ல. ஹைலக்ஸில் அது 2.566 மடங்கு குறைக்கிறது. அதாவது அதே படகை இழுக்கக் கொன்வேட்டர் படவேண்டிய பாடு பாதிக்கும் கீழே வந்துவிடும். மணலில் டயர்க் காற்றையும் இறக்குங்கள், பாதைக்கு ஏறியதும் திரும்ப அடியுங்கள். கெட்டியான கொங்கிரீட்டில் மட்டும் நாலு சக்கர இழுவையோடு கூர்மையாகத் திருப்ப வேண்டாம், அது வேறு பற்களைத் தின்னும். இரண்டு தரம் முயன்றும் ட்ரெயிலர் அசையவில்லையா, காலை எடுங்கள். பக்கத்தில் உழவு இயந்திரம் நிற்கும். ஒரு தேநீர்க் காசு.

ஏற்றி முடிந்ததும் உடனே எஞ்சினை நிறுத்துகிற பழக்கமும் கூடாது. டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்ற நினைப்பு. எஞ்சின் நின்றால் ஒயில் பம்பும் நிற்கும், சுட்ட ஒயில் இருந்த இடத்திலேயே இருந்து வேகும். ஹேண்ட் பிரேக் இழுத்து, பி-யில் போட்டு, சில நிமிடம் ஓடவிடுங்கள், ஒயில் கூலர் தன் வேலையைச் செய்யும். ஒயில் சூட்டு விளக்கு எரிந்தாலும் ஹைலக்ஸ் கைநூல் சொல்வது இதையேதான். ஆனால் விளக்கு எரிகிறவரை ஏன் காத்திருப்பான்? எஞ்சின் கொம்பியூட்டரில் செருகுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கினால் பொக்ஸ் ஒயிலின் சூட்டைக் கைபேசியிலேயே பார்க்கலாம். 100 பாகைக்குக் கீழே நின்றால் நிம்மதி. 120 தாண்டினால் நிறுத்துங்கள்.

நெடும்பாதைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கந்தளாய் தாண்டி ஹபரணை வரை ட்ரெயிலரோடு போகும்போது டி-யில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால், கடைசிக் கியருக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையே பொக்ஸ் தாவித் தாவி விளையாடும். ஒவ்வொரு தாவலிலும் கிளட்ச் பூட்டி அவிழும். கையால் ஒரு கியர் குறைத்துப் பிடியுங்கள். டீசல் கொஞ்சம் கூடப் போகும். யானை மறிக்கிற இடத்தில் எப்படியும் மெதுவாகத்தானே போகிறோம்.

இனி ஒயிலுக்கு வருகிறேன். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

"லைஃப்டைம் ஒயில், மாற்றத் தேவையில்லை" என்று சொல்லி வண்டியை விற்றிருப்பார்கள். டொயோட்டா டபிள்யூ.எஸ். என்கிற தன் ஓட்டோ கியர் ஒயிலுக்கு மாறிய பிறகு வந்த பொக்ஸ்கள் பலவற்றில் ஆழம் பார்க்கிற கம்பிகூடக் கிடையாது. கம்பி இல்லையென்றால் பார்க்க வேண்டாம் என்று நாம் அர்த்தம் எடுத்துக்கொண்டோம். ஆனால் அதே கம்பனி அமெரிக்காவில் தன் இழுவை வண்டிகளுக்குக் கொடுக்கிற பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். பாரம் இழுக்கிறவர் 60,000 மைலில், நம் கணக்கில் ஏறத்தாழ 96,000 கிலோமீற்றரில், ஒயிலை மாற்ற வேண்டும் என்று இருக்கிறது. அதுவும் நல்ல பாதையில் இழுக்கிறவருக்கு. கச்சானிலும் மணலிலும் இழுக்கிறவர் அதில் பாதித் தூரத்தில் மாற்றினால் காசு வீணாகாது என்பது என் அபிப்பிராயம்.

உங்களுக்கு இது புது வித்தையல்ல. அவுட்போட் மோட்டாரின் கீழ்க்கால் ஒயிலை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? திருகைக் கழற்றி இரண்டு சொட்டு விரலில் எடுத்து, பால் கலந்த தேநீர்போல இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, சீல் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். அதே கண்தான் இதற்கும் வேண்டும். நல்ல ஒயில் சிவப்பாக, ஒளி ஊடுருவக்கூடியதாக இருக்கும். கபிலமானால் வயது. கறுத்துக் கருகல் மணம் அடித்தால் தட்டு எரிகிறது. இளஞ்சிவப்பில் பால்போலக் கலங்கினால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கராஜுக்கு வராதீர்கள், இழுத்துக்கொண்டு வாருங்கள்.

தண்ணீருக்கு ஏன் இவ்வளவு பயம்? ஓட்டோ பொக்ஸின் கிளட்ச் தட்டில் ஒட்டியிருப்பது இரும்பல்ல, காகித நாரில் செய்த ஒரு மேலுறை. பசையால் ஒட்டியது. தண்ணீர் பட்டால் காகிதம் ஊதும், பசை விடும். 2005 தொடக்கம் 2010 வரையான நிசான் ஃபிரண்டியர், பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா வண்டிகளில் அமெரிக்காவில் நடந்தது இதுதான். பொக்ஸ் ஒயிலைக் குளிர்விக்கிற குழாய் ரேடியேற்றருக்குள்ளே இருந்தது, அது உள்ளே வெடித்துக் கூலன்ட் ஒயிலோடு கலந்தது. நல்ல கியர்பொக்ஸ்கள் ரேடியேற்றரால் செத்தன. வழக்கு நடந்தது, நிசான் உத்தரவாதக் காலத்தை நீட்டிக் கொடுக்கவேண்டி வந்தது. நம்மூர் உப்புக் காற்று எந்தக் கம்பனி ரேடியேற்றரையும் விட்டுவைப்பதில்லை. பழைய ரேடியேற்றரோடு படகு இழுக்கிறவர் அதை முதலில் மாற்றட்டும். முகப்பில் காற்றுப்படத் தனி ஒயில் கூலர் ஒன்று பூட்டினால் இன்னும் நல்லது. கரையிலிருந்து வந்ததும் அதன் இதழ்களை நல்ல தண்ணீரால் கழுவ மறக்கக்கூடாது.

ஒயிலைப்பற்றிப் பேசுகையில் சொல்லாமல் விடமுடியாத ஒரு கதை இருக்கிறது. திமிங்கிலம் காட்டப் படகு ஓட்டுகிற தம்பிமார் கவனியுங்கள். 1970களின் தொடக்கம் வரை ஓட்டோ கியர் ஒயிலில் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். காகிதத் தட்டு ஒரேயடியாகக் கவ்வாமலும் வழுக்கி எரியாமலும் இதமாகப் பிடிக்க அதற்கு நிகரான சரக்கு அப்போது இல்லை. அந்தத் திமிங்கிலத்தை அழிந்துவரும் இனமாக அமெரிக்கா பட்டியலிட்டு எண்ணெயைத் தடுத்தபோது ஒயில் கம்பனிகள் மாற்று மருந்து தேடி அலைந்தன. முதலில் வந்த மாற்று ஒயில்களில் ஒன்று கூலரின் ஈயப் பற்றுகளையே அரித்தது, திரும்பவும் திருத்தினார்கள். 1979 இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சில வருடங்களில் ஹால் வைட்ஹெட் என்ற ஆய்வாளர் டியூலிப் என்ற பாய்ப்படகில் வந்து நம் திருகோணமலைக் கடலிலேயே அந்தத் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து படித்தார். இப்போது அதே உயிரைக் காட்டிப் பிழைக்கிறோம், அந்தப் படகை இழுக்கிற வண்டியின் ஒயிலில் அதன் எண்ணெய் இல்லை. எனக்கு இது யோசிக்க யோசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது.

தொழில் விஷயமும் அதில் இருக்கிறது. அந்தச் சிவப்புத் திரவம் வெறும் வழுவழுப்புக்கு ஊற்றுகிற எண்ணெய் அல்ல, தட்டு எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற கலவை. கடையில் சிவப்பாக இருப்பதையெல்லாம் ஊற்றலாம் என்று நினைக்கிற கராஜ்காரர் என் தொழில் சகோதரர்களிலும் உண்டு. டபிள்யூ.எஸ். கேட்கிற பொக்ஸுக்கு அதுவோ, அதற்கு ஈடென்று எழுத்தில் உறுதிதந்த ஒயிலோதான் போகவேண்டும். அளவு பார்ப்பதும் குத்துமதிப்பல்ல. எஞ்சின் ஓட, ஒயில் குறித்த சூட்டில் நிற்க, வழிகிற துவாரத்தால் சொட்டுகிற அளவில் மூடவேண்டும். அப்படிச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். "பழைய ஒயிலைக் கழற்றினால் பொக்ஸ் செத்துவிடும்" என்று பயமுறுத்துகிறவரிடம் கேளுங்கள்: அப்படியானால் அது ஏற்கெனவே சாகக் கிடக்கிறது என்றுதானே அர்த்தம்? ஒரு தரம் வடித்தால் மூன்றிலொரு பங்கோ பாதியோதான் இறங்கும், மிச்சம் கொன்வேட்டருக்குள் நிற்கும். சில நூறு கிலோமீற்றர் ஓடி, இரண்டு மூன்று தரமாக வடித்து ஊற்றுவதே பாதுகாப்பு. மெஷின் வைத்து அழுத்தித் தள்ளுகிற வேலை பழைய பொக்ஸுக்கு வேண்டாம்.

தண்ணீர் புகுகிற இன்னொரு வழியும் உண்டு. சரிவில் பின்னால் இறக்கும்போது பின்னச்சு கடல் தண்ணீருக்குள் போகிறதல்லவா? ஓடிவந்த சூட்டோடு அது நனைந்தால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். அச்சு மூச்சுவிடுகிற குழாயை உயரத்துக்கு நீட்டிக் கட்டுவது அரை மணி நேர வேலை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்தில் மூதூர், வெருகல் பக்கம் தண்ணீருக்குள் நின்ற கெப்களுக்கும் இதே நோய்தான். எஞ்சின் ஒயிலை மட்டும் மாற்றி ஓட்டியவர்கள் பொக்ஸையும் திறந்து பார்க்கட்டும்.

இழுவை எடையிலும் ஒரு எச்சரிக்கை. ட்ரெயிலருக்குப் பிரேக் இல்லாவிட்டால் பெரும்பாலான கெப் கம்பனிகள் அனுமதிக்கும் எடை 750 கிலோதான். 3,500 என்று விளம்பரத்தில் கண்டது பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு. நம்மூரில் பழைய அச்சும் குழாயும் வைத்து ஒட்டிய ட்ரெயிலர்களில் பிரேக்கைக் கண்டவர் யார்? படகு, மோட்டார், மண்ணெண்ணெய், ஐஸ், நனைந்த வலை, ட்ரெயிலரின் சொந்த எடை எல்லாம் சேர்த்து ஒரு தரம் நெல் ஆலைத் தராசில் ஏற்றிப் பாருங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு படகைத் தரைவழியாகக் குடாவைச் சுற்றிக் கொண்டுபோகிறோம், பாலத்தில் முன்னால் போகிற த்ரீவீல்காரன் திடீரென்று நிறுத்தினால் அந்த எடை முழுவதையும் நிறுத்த வேண்டியது கெப்பின் நாலு பிரேக்கும் மட்டுமே. சரிவில் நிறுத்தும்போதும் கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட் பிரேக், அதன் பிறகே பி. சக்கரத்துக்குக் கல். பி-யில் பொக்ஸைப் பிடித்திருப்பது ஒரு சின்ன இரும்பு நாக்கு. பின்னால் கயிறு பிடித்துத் தண்ணீரில் நிற்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பவும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த கெப்களே கைமாறிக் கைமாறி உழைத்தன. ஆகவே இப்போது சந்தையில் நிற்கிற பழைய ஓட்டோ வண்டி எதுவும் ஓய்வெடுத்த வண்டி அல்ல. வாங்கப் போகிறவர் காலையில் எஞ்சின் சூடாகும் முன் போங்கள். விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். பிரேக்கை மிதித்து நியூட்ரலிலிருந்து டி-க்கும், பிறகு ரிவர்ஸுக்கும் போடுங்கள். ஒரு விநாடிக்கு மேல் தாமதித்து உதைத்தால் தட்டு தேய்ந்திருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு அதையே திரும்பச் செய்யுங்கள், சூட்டில்தான் பொய் வெளியே வரும். பின்னால் ஹூக் பூட்டிய அடையாளம் இருக்கிறதா, பெயின்ட் அடித்து மறைத்த துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வடிக்கிற திருகில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள், நுண்ணிய சாம்பல் பசை இருந்தால் வயது, இரும்புச் செதில் இருந்தால் பேரம் பேசவும் வேண்டாம்.

மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு இறங்குதுறைக்கும் ஒரு பொது வின்சோ பழைய உழவு இயந்திரமோ வைத்துக்கொள்ளுங்கள். மணலிலிருந்து தார் வரை அது இழுக்கட்டும், தாரிலிருந்து கெப் இழுக்கும். செலவை உறுப்பினர்கள் பங்கிட்டால், ஒரு கியர்பொக்ஸின் விலையில் அது முடிந்துவிடும். ஒக்டோபர் பிறந்து வாடைக்குப் படகுகளைக் கரையேற்றும்போது, அவுட்போட்டின் கீழ்க்கால் ஒயிலை எப்படியும் மாற்றப்போகிறீர்கள். அதே கிழமையில் கெப்பையும் கொண்டுவாருங்கள். வடித்த ஒயிலைப் போத்தலில் ஊற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள், தராத கராஜுக்கு அடுத்த முறை போகவேண்டாம், என்னுடையதானாலும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளுக்குக் கீழே படுத்துக் கிடக்கிற ஒருவன்